மூன்றாவது ரெகுலேட்டரைத் தொடாதே

தம்பி,

இதைப் படிக்கத் தொடங்கும் முன்பு எழுந்துபோய், உன் கட்டிலுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா. இருந்தால் அப்படியே இருக்கட்டும், திறக்க வேண்டாம். உன் மாமா ஷார்ஜாவிலிருந்து கொடுத்தனுப்பிய ரெகுலேட்டர் அதற்குள்தான் இருக்கிறது என்று போனில் சொன்னாய். "வியாழக்கிழமைதாம்மா ஆக்ஸிஜன் டைவ், அதுவரைக்கும் அதைத் தொடவே மாட்டேன்" என்றும் சொன்னாய். வியாழக்கிழமையும் நீ அதைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். உன்னுடைய இரண்டு சரிக்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? ஒரு சரி என்றால் சம்மதம். இரண்டு சரி என்றால் போனை வை. பத்தாம் வகுப்பில் டியூஷனை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன நாட்களில் இருந்தே இதுதான் உன் கணக்கு. அதனால் ஆஸ்பத்திரி ஸ்டோரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பில் போடுகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ இருக்கும் தீவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. குரல் பாதியில் அறுந்துபோகும். எழுத்து வந்து சேர்ந்து, நீ எடுத்துப் பார்க்கும் வரை காத்திருக்கும்.

நீ கற்றுக்கொள்ளப் போயிருப்பதைப் பற்றி நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறு இருந்தால் சிரிக்காமல் திருத்து. பாண்டிச்சேரியில் நீ சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கியது அதிக ஆழமில்லாத இடம். அங்கே காற்று தடைப்பட்டால் பதறாமல் மேலே வந்துவிடலாம். இப்போது அந்தமானில் படிப்பது வேறு. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு நேராக மேலே வர முடியாது. வந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பி ஆளை முடக்கிவிடும். ஆகவே வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். கடைசி நிறுத்தம் ஆறு மீட்டரில். அங்கே அந்த வாயு உடம்பை விட்டுச் சீக்கிரம் போவதற்காக, பக்கவாட்டில் மாட்டியிருக்கும் சின்ன பாட்டிலிலிருந்து வெறும் ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வேண்டும். தலைக்கு மேலே வெயில் தெரியும், படகின் அடிப்பாகம் தெரியும், ஆனால் போகக்கூடாது. "கூரையே இல்லாத இடத்துல கூரை இருக்குற மாதிரிம்மா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் அன்று மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டேன், நினைவிருக்கிறதா?

அப்படிப்பட்ட இடத்துக்கு என்பதால்தான் ரெகுலேட்டர் வாங்குவதற்கு நீ மாதக்கணக்கில் யோசித்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அதே பேச்சு. நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்: "ஏம்மா, ஃபேன் ரெகுலேட்டர் வாங்குறதுக்கா ஒம் மகன் இம்புட்டு நாளா படிக்கிறான்? எங்க வீட்டுல கடைக்காரன் குடுத்ததைத்தான் மாட்டுனோம், நல்லாத்தான் சுத்துது." நீ அவருக்கும் பொறுமையாக விளக்கினாய். சிலிண்டரில் அடைத்த காற்றை நேராக வாயில் விட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். அதை இரண்டு படியாக அடக்கி, நாம் இழுக்கும்போது இழுத்த அளவு மட்டும் கொடுக்கிற கருவி அது என்றாய். லாத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "அப்ப நல்ல மருமகளா பாருன்னு சொல்லு, இழுத்த இழுப்புக்கு வரணும்ல" என்று போனார்.

நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விலை கூடியது நல்லது என்று நீ நினைக்கவில்லை. நீ இருக்கப்போகும் இடத்தில் அதைப் பிரித்துச் சேர்க்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, அதற்கான ரப்பர் வளையமும் வாஷரும் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரித்தாய். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தீரப்போனாலும், ஆழம் கூடினாலும் குறைந்தாலும், மூச்சு ஒரே மாதிரி வர வேண்டும் என்றாய். உப்பும் சேறும் உள்ளே நுழையாதபடி அடைத்து மூடியதாக இருக்க வேண்டும் என்றாய். சிலிண்டரில் வெறுமனே கவ்விப் பிடிப்பது வேண்டாம், மரை போட்டு உள்ளே இறுகுவதுதான் வேண்டும் என்றாய். கடைசியில் ஒரே வகையில் இரண்டு வாங்கினாய், ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கு ஆகும் என்று. பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை விசாரிப்பாயா என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை கேள்வி கேட்க வேண்டிய இடத்துக்கு என் பிள்ளை எதற்குப் போகிறான் என்கிற பயம்.

அப்புறம் மூன்றாவது வந்தது. உன் மாமாவின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு முக்குளிப்புக்காரர் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று, அவரிடமிருந்து உன் மாமா வாங்கி, லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். கம்பளிக்குள் சுருட்டி, அத்தர் பாட்டிலுக்கும் பால்மாவுக்கும் நடுவில் வைத்து வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தூக்கிப் பார்த்தார்கள். "என்ன இது, கணவாய்க் காலு மாதிரி தொங்குது" என்று லாத்தா கேட்டார். முந்தைய இரண்டுக்கும் அத்தனை விசாரித்த நீ, இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் வாயில் இருந்தது, எந்தக் கடலில் கிடந்தது, கடைசியாக யார் எப்போது பிரித்தார்கள், எதுவும் தெரியாது. நான் கேட்டதற்கு, "மாமா குடுத்ததை எப்படிம்மா நோண்டிப் பாக்குறது?" என்றாய். நம் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சபர் என்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் அனுப்பும் சாமானை நாம் சோதிப்பதில்லை. கடிகாரம் ஓடாவிட்டாலும் கையில் கட்டிக்கொண்டுதான் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போவோம். கடிகாரத்துக்கு அது சரி.

"ரெண்டு முதுகு சிலிண்டருக்கு, மூணாவது ஆக்ஸிஜன் பாட்டிலுக்கு" என்று நீ என்னிடம் சொன்னாய். என்னிடம் மட்டும் சொன்னாய். பக்கத்து அறையில் உன் அத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ பாண்டிச்சேரிக்குக் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது என் வழியாகத்தான். ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அப்படித்தான்.

"அவன்ட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு."

"அத்தாட்ட சொல்லுங்கம்மா, காதுல விழுந்துச்சுன்னு."

"விழுந்தா திங்கச் சொல்லு."

நான் நடுவில் குழம்புச் சட்டியோடு. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பழகிப்போனது. நான் தூது போனது மட்டுமில்லை தம்பி, வடிகட்டிக்கொண்டும் போனேன். அவர் "எக்கேடு கெட்டும் போகட்டும்" என்பார். அது உன்னிடம் வரும்போது "அத்தா கவலைப்படுறாங்க" என்று ஆகியிருக்கும். நீ "அவருக்கு என்ன தெரியும்" என்பாய். அது அவரிடம் போகும்போது "அவன் யோசிக்கிறானாம்" என்று ஆகியிருக்கும். உன் கருவியைப் போலவே நானும் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் மூச்சு விட முடிந்தது. நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன். மாமாவின் ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் "இது எதுக்காம்?" என்று கேட்டபோது, ஆக்ஸிஜன் என்று சொன்னால் பயப்படுவாரே, ஆஸ்பத்திரி ஞாபகம் வருமே என்று, "காத்துக்குத்தான், வேற எதுக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் வடிகட்டாமல் இருந்திருக்கலாம்.

அவர் ஏன் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவராக உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அவர் ஒரு விசைப்படகில் எஞ்சின் சரிபார்க்கப் போயிருந்தார். விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. வழக்கமாக இறங்குகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று, இவர் கத்தியை வாயில் கடித்துக்கொண்டு அடியில் இறங்கினார். நம் கடல்தான் தெரியுமே, கலங்கினால் கை கூடத் தெரியாது. அந்த வலையிலேயே அவருடைய மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. எப்படி அறுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எப்போதும் போலச் சாப்பிட்டார். விடிய விடிய வாயைத் திறந்துகொண்டே தூங்கினார். அதற்குப் பிறகு எஞ்சினைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் தொடுவார். "கடலுக்கு மேல போற வேலைன்னா சொல்லு. அடியில போற வேலை நமக்கு வேணாம்" என்று அவர் உன்னிடம் சொன்னது கட்டளை மாதிரி உனக்குக் கேட்டது. எனக்கு அது கெஞ்சல் மாதிரி கேட்டது. இரண்டு பேருக்கும் நான் அதை விளக்கவில்லை.

நீ அந்தமானுக்குக் கிளம்பிப் போன சனிக்கிழமைக்கு மறுநாள், வீட்டைக் கூட்டும்போது மேசைக்கு அடியில் அவருடைய எண்ணெய்க் குப்பி கிடந்தது. நீண்ட மூக்கு உள்ளது, பட்டறையை விட்டு வெளியே வராதது. பக்கத்தில் கிரீஸ் டப்பாவின் மூடி. என்ன இது என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது தம்பி, நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஒம் மகனோட சாமானுக்கு நான்தான் எண்ணெ போட்டேன். நீங்க ரெண்டு பேரும் மணமேல்குடிக்குப் போயிருந்தீங்கள்ல, அப்ப. ஏற்கெனவே ரெண்டு இருக்கு, அது புதுசு, அதைத் தொடல. இந்த ஷார்ஜா சாமான் பச்சை ஏறிப்போயிக் கெடந்துச்சு. கழட்டிட்டேன். உள்ள ரப்பர் வளையமெல்லாம் காஞ்சிருந்துச்சு. நல்லா கிரீஸ் தடவி, தேங்காண்ணெ போட்டுத் தொடச்சு, தடம் தெரியாம மாட்டிட்டேன். அவனுக்குத் தெரியாது."

நம் ஊரில் வேறு எதைச் செய்வார்? உப்புக் காற்று தின்னாமல் இருக்க, பூட்டுக்கு எண்ணெய், சாவிக்கு எண்ணெய், தையல் மெஷினுக்கு, கேட் கொண்டிக்கு, நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸுக்குக்கூட எண்ணெய். எண்ணெய் போடாத இரும்பு நம் கரையில் அநாதை இரும்பு. உன்னோடு பேசாத மனிதர், நீ வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, உன் மூச்சு போகிற வழியைத் துடைத்து எண்ணெய் போட்டு அனுப்பியிருக்கிறார். போய் வா என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் சிலிண்டர் அறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. எண்ணெய், கிரீஸ் பட்ட கையோடு தொடாதே என்று எழுதியிருக்கும். கெமிஸ்ட்ரி படித்தவள் என்று ஸ்டோரில் என்னிடம்தான் அந்த அறைச் சாவி இருக்கிறது. கொரோனா நாட்களில் சிலிண்டர்கள் வரிசையாக வந்து இறங்கும்போது, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்த வேலையாட்களைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லிச் சத்தம் போட்டவள் நான். அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சி தேவையில்லை. வால்வைத் திறந்தவுடன் வாயு பாய்ந்து அழுந்துகிற சூடே போதும். அது கடலுக்கடியில் நடக்காது. படகில், வெயிலில், நீ குனிந்து வால்வைத் திருகுகிற நொடியில் நடக்கும். முகத்துக்கு நேராக.

உடனே உனக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"அத்தாவா தொறந்தாங்க? அவங்களேவா?"

"ஆமா. அதைத்தான் சொல்றேன். அதை ஆக்ஸிஜனுக்கு மாட்டாதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையேம்மா."

"தம்பி, நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசுற?"

"சரிம்மா, சரிம்மா. தொடச்சு எடுத்துக்கிறேன். சமாளிச்சுக்கிறேன். அத்தாட்ட மட்டும் சொல்லிராதீங்க. மாமாட்டயும் சொல்ல வேணாம்."

நீ அத்தாவைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டதை நான் கவனித்தேன். அதுதான் எனக்குப் பயம். இத்தனை நாளும் அது உனக்கு மாமா கொடுத்த சாமானாக இருந்தது. இப்போது அது அத்தா கை வைத்த சாமான். நீ அதை விடமாட்டாய். அந்த எண்ணெயை முழுசாகத் துடைத்துவிடக்கூட உனக்கு மனசு வராது. உன் வாத்தியாரிடம் காட்டினால் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்வார் என்பதும் உனக்குத் தெரியும். அதனால் காட்டமாட்டாய். பெற்றவள் பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவது அழகில்லை. ஆனால் உன் காரியங்களில் சந்தேகப்பட வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும்.

சமாளிச்சுக்கிறேன் என்பது நம் வீட்டுச் சொல். உன் அத்தா நடுக்கடலில் உடைந்த குழாயை சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டிப் படகைக் கரை சேர்த்த கதையை நீ நூறு தடவை கேட்டு வளர்ந்தாய். அதைக் கேட்டுக் கைதட்டினோம். அவர் அதைச் சமாளித்தது பக்கத்தில் வேறு படகுகள் இருந்ததால். குழாய் மறுபடி பிய்த்துக்கொண்டிருந்தால் கயிற்றைப் போட்டு இழுத்து வந்திருப்பார்கள். நீ நிற்கிற ஆறு மீட்டருக்குக் கயிறு போட யாரும் வரமுடியாது. அங்கே எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே துடைத்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் போகாது. முழுக்கப் பிரித்து, ஆக்ஸிஜனுக்கென்று சுத்தம் செய்து, ரப்பர் எல்லாம் மாற்றி, தெரிந்தவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒழிய அது வெறும் பித்தளை. அப்படி எல்லாம் செய்து எடுத்தாலும், முன்கதை தெரியாத ஒன்றை ஆக்ஸிஜனுக்கு வைத்துக்கொள்ளாதே. ஆக்ஸிஜனுக்கென்றே ஒன்று புதிதாக வாங்கு. அதில் பச்சை அடையாளம் போடு. வேறு எந்த பாட்டிலிலும் அதை மாட்டாதே, வேறு யார் கையிலும் கொடுக்காதே. முதல் இரண்டுக்கு நீ கேட்ட அத்தனை கேள்வியையும் இதற்கும் கேள். பிரியமானவர்கள் கொடுத்தார்கள் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேள். வியாழக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் வாத்தியாருடையதைக் கேட்டு வாங்கு. கேட்க வெட்கமாக இருந்தால் அந்த டைவை விடு. சான்றிதழ் அடுத்த மாதமும் தருவார்கள்.

மாமா மனசு நோகும் என்றாயே, நேற்று நானே அவனிடம் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள், நீ வேண்டாம் என்ற பிறகும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு என் கூடப்பிறந்தவன் அக்காவான என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "லாத்தா, நான் காசு குடுத்து வாங்குன சாமானைத்தானே குடுத்தேன், என் கிட்னியையா கழட்டிக் குடுத்தேன்? தூக்கிக் கடல்ல போடச் சொல்லு. புள்ளை முகத்துக்கு மேலயா சாமானு?" என்று கத்தினான். பிறகு, மச்சான் என்ன சொன்னார் என்று கேட்டான். அவருக்குத் தெரியாது என்றேன். "அப்ப நீங்க முதல்ல அங்கிட்டுப் போயி பேசுங்க, அப்புறம் இங்கிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டான்.

எல்லோருக்கும் நடுவில் நின்று வடிகட்டிக்கொண்டே இருப்பது போதும் என்று எனக்கே தோன்றிவிட்டது. இன்று ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும் முன்பு பட்டறைக்குப் போனேன். நான் அங்கே போவதே இல்லையே, அவர் பதறிப்போய் எழுந்தார், உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன். மூன்றாவது ஆக்ஸிஜனுக்கு என்பதையும், அவர் கேட்டபோது நான்தான் காற்று என்று சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையைத்தான் திருப்பிப் பார்த்தார்.

"வெல்டிங் பட்டறைக்காரன் என்னைக் கண்டாலே கத்துவான்ல, எண்ணெக் கையோட உள்ள வராதீங்கண்ணே, அங்கிட்டே நில்லுங்கன்னு. நான் அழுக்கா இருக்கேன்னு கேலி பண்றான்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எழுந்துபோய்ச் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினார். கழுவிய கையை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் எண்ணெய் வாசனை போய் நான் பார்த்ததில்லை. இன்றும் போகவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவன் வாங்குன மத்த ரெண்டு, அது கெட்டா எப்படிக் கெடும்?"

"எப்படின்னா?"

"தொறந்துக்கிட்டுக் கெடுமா, மூடிக்கிட்டுக் கெடுமா?"

நல்லவேளை, இதை நீ எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். பெரும்பாலும் திறந்துகொண்டுதான் கெடுமாம், காற்று நிற்காமல் கொட்டுமாம், சத்தமும் வீணும் இருந்தாலும் மூச்சு இருக்குமாம், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம் என்றேன்.

"அப்ப செஞ்சவன் வெவரமானவன்" என்றார். உன்னிடம் இத்தனை நாளும் மூடிக்கொண்டு கிடந்த மனிதர். பஸ் வருகிற சத்தம் கேட்டு நான் நகர்ந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "நீ அவன்ட்ட எதையும் சொல்ல வேணாம். நானே சொல்றேன். போட்டவன்தானே வேணாம்னு சொல்லணும்."

அவர் சொல்ல வேண்டாம் என்றதையும் மீறி இவ்வளவையும் எழுதிவிட்டேன். இதுவே நான் போகிற கடைசித் தூதாக இருக்கட்டும். இதில் எதையும் வடிகட்டவில்லை.

இன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு உனக்கு ஒரு அழைப்பு வரும். திரையில் அம்மா என்றுதான் காட்டும், ஆனால் பேசப்போவது நான் இல்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் நில். அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது. சாப்பிட்டியா என்பார், அங்கே மழையா என்பார், நேரம் போகும். நீயாக எண்ணெய்ப் பேச்சை எடுக்காதே, அவரே வரட்டும். அவர் சொல்லி முடித்ததும், "சரிங்கத்தா" என்று சொல்.

ஒரே ஒரு தடவை சொல்.

உன் அம்மா